குடத்துக்குள் பூட்டு

அனுப்பர்பாளையத்தில் செம்பும் பித்தளையும் எடைக்கு விற்கும். அண்டாவோ குடமோ தவலையோ, தராசில் ஏற்றி, கிலோ இவ்வளவு என்று விலை சொல்வார்கள். பழைய போசியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதே தராசுதான். வாங்கி வந்த குடத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில் பட்டறைக்காரருக்கு எந்த அக்கறையும் கிடையாது. தண்ணீர் பிடிக்கலாம், அரிசி கொட்டி வைக்கலாம், சீர்வரிசைத் தட்டோடு அனுப்பலாம். ஒடுக்கு விழுந்தால் வேறொரு பட்டறையில் கொடுத்து எடுக்கலாம். கடைசியில் உருக்கியும் விடலாம்.

பத்து லிட்டர் கொள்ளும் குடத்தின் நடுவில் ஒரு தகட்டை வைத்து ஈயம் ஊற்றி அடைத்துவிட்டு, "இது அஞ்சு லிட்டர் குடமுங்க, மிச்சம் அஞ்சு வேணும்னா தனியாக் காசு கட்டோணும்" என்று யாரும் விற்றதில்லை. அப்படி ஒருவர் செய்தால் அவரைக் கெட்டவர் என்றுகூடச் சொல்லமாட்டோம். தகட்டுக்கும் ஈயத்துக்கும் அதிகச் செலவு பண்ணி, குடத்தைக் கெடுத்து, குறைந்த விலைக்கு விற்கிறாரே என்று சிரிப்போம்.

அதே ஊரில், அதே அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கிட்டத்தட்ட அப்படிப்பட்ட குடம் ஒன்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தெரிந்த அண்ணன் ஒருவர் அங்கே டி-ஷர்ட் பிரிண்டிங்குக்கு டிசைன் போட்டு, கலர் பிரித்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறார். மூன்று கணினிகள். அதில் ஒன்றின் பிராசசர் பழைய சர்வரிலிருந்து கழற்றி விற்கப்பட்டது. இன்டெல் ஜியான் இ5-2670. 2012-இல் வெளிவந்தபோது 1500 டாலருக்கு மேல் விலை. எட்டு கோர், ஒரே நேரத்தில் பதினாறு இழைகள். பெரிய கம்பெனிகளின் டேட்டா சென்டர்கள் சர்வர்களை மாற்றியபோது இவை மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் சந்தைக்கு வந்து, விலை ஒரேயடியாகச் சரிந்தது. அதே சாக்கெட் உள்ள டெஸ்க்டாப் மதர்போர்டில் பொருத்தினால், புதிதாக வாங்குவதில் பாதிகூடச் செலவில்லாமல் ஒரு கணினி தயார். அண்ணனும் அப்படித்தான் வாங்கினார்.

எட்டு கோர் இருந்தும் அவர் பயன்படுத்தும் மென்பொருளின் பாதி வேலைகள் ஒரே கோரில்தான் ஓடும். அங்கே கோர்களின் எண்ணிக்கை உதவாது, வேகம்தான் வேண்டும். "ஓவர்கிளாக் பண்ணலாம்னு பையன் சொல்றான், பாத்துக் குடு தம்பி" என்றார். பார்த்தேன்.

ஒரு பிராசசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். அடிப்படைத் துடிப்பு ஒன்று, வினாடிக்குப் பத்துக் கோடி முறை, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். பிராசசர் தனக்குள் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 26-ஆல் பெருக்கினால் 2.6 கிகாஹெர்ட்ஸ். இதுதான் அண்ணன் பிராசசரின் இயல்பு வேகம். ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது பெருக்கும் எண் தானாக 33 வரை ஏறும்.

பயாஸுக்குள் போனால் அந்த எண்ணை மாற்ற இடம் இருக்கிறது. 40 என்று அடித்துச் சேமித்து மறுபடி இயக்கினால், கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுகிறது, பழைய வேகத்திலேயே. மதர்போர்டு திறந்த பிராசசர்களுக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது, அதனால் கட்டம் இருக்கிறது. இந்தப் பிராசசரிலோ உச்ச எண்ணை ஆலையிலேயே சிலிக்கானுக்குள் நுண்ணிய ஃபியூஸ்களாக எரித்து எழுதிவிட்டார்கள். மென்பொருளால் அதைத் தொட முடியாது.

சரி, பெருக்கும் எண் பூட்டியிருக்கிறது, அடிப்படைத் துடிப்பை ஏற்றலாமே? ஏற்றலாம், கொஞ்சம். ஆனால் அதே துடிப்பைத்தான் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் பாதையும் சிப்செட்டுக்குப் போகும் பாதையும் நம்பியிருக்கின்றன. ஒன்றை முடுக்கினால் எல்லாம் முடுங்கும். 103, 104 வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் திரை உறையும், அல்லது வட்டு காணாமல் போகும். கிடைத்தது நூற்றுக்கு நாலு. மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் பகுதி வேறு, கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. எட்டு கோர் சர்வர் பிராசசர் நாளெல்லாம் முழு மூச்சில் ஓடும் என்று நினைத்துச் செய்யப்பட்ட மலிவு போர்டு இல்லை அது.

இப்படித்தான் முடியும் என்று விளக்கிச் சொன்னேன். அண்ணன் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "ஏந்தம்பி, காசு குடுத்து வாங்குனது நானு. கரண்டு பில்லு கட்டறது நானு. அப்புறம் உள்ள இருக்கற வேகம் மட்டும் ஆருது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான்.

*

முதலில் பூட்டு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். தொண்ணூறுகளில் பிராசசர்களின் வேகத்தை வாங்கியவரே மாற்ற முடிந்தது. அதைச் சிலர் தொழிலாக்கினார்கள். குறைந்த வேகப் பிராசசரை வாங்கி, மேலே அச்சிட்டதைத் தேய்த்து, அதிக வேகம் என்று புதிதாக அச்சடித்து விற்றார்கள். வாங்கியவர் கணினி நடுவில் நின்றால் திட்டு இன்டெலுக்கு. பெருக்கும் எண்ணைப் பூட்டியதற்கு இந்த மோசடியும் ஒரு காரணம். ஆக, பூட்டு ஏமாறுகிறவரைக் காப்பாற்றும் வேலையையும் செய்தது.

பூட்டிய பின்னும் சந்துகள் இருந்தன. 1998-இல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவுப் பிராசசரின் பெருக்கும் எண் 4.5 என்று நிலையாக இருந்தது. அடிப்படைத் துடிப்பை 66-லிருந்து 100-க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆனது. அந்த நாளின் மிக வேகமான பிராசசர்களோடு அது போட்டி போட்டது. 2000 வாக்கில் ஏஎம்டியின் சில பிராசசர்களின் மேற்பரப்பில் வெட்டிவிடப்பட்ட சின்னச் சின்ன இணைப்புகள் இருந்தன. சாதாரணப் பென்சிலால் அவற்றின் மேல் கோடு இழுத்தால் கரி மின்சாரத்தைக் கடத்தும், பூட்டு திறந்துவிடும். 2010-இல் வந்த ஜியான் எக்ஸ்5650-ஐ எக்ஸ்58 டெஸ்க்டாப் போர்டில் பொருத்தி, துடிப்பை 133-லிருந்து 200 ஆக்கி, 2.66 கிகாஹெர்ட்ஸ் பிராசசரை 4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டியவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

2011-இல் இன்டெலின் புதிய வடிவமைப்பு இந்தச் சந்தையும் அடைத்தது. துடிப்புகளை ஒன்றோடொன்று கட்டிப் போட்டதற்குப் பொறியியல் நியாயம் உண்டு, செலவும் குறையும். ஆனால் அதே வருடம், பெயருக்குப் பின்னால் 'கே' என்ற எழுத்தோடு, பெருக்கும் எண் திறந்த பிராசசர்கள் கூடுதல் விலைக்கு வந்தன. அடுத்த வருடம், ஓவர்கிளாக் செய்து எரித்துக்கொண்டவர்களுக்கு ஒருமுறை மாற்றித் தரும் காப்புத் திட்டத்தையும் தனியாக விற்றார்கள். அதுவரை பயனர்கள் சந்துக்குள் நுழைந்து எடுத்துக்கொண்டிருந்தது, இப்போது வாசலில் விலைப் பலகையோடு நின்றது.

அண்ணனின் பிராசசர் இந்தக் கதையில் எங்கே நிற்கிறது என்பதுதான் விசேஷம். இ5-2670 செய்யப்பட்ட அதே எட்டு கோர் சிலிக்கானில், இரண்டு கோர்களை அணைத்துவிட்டு, பெருக்கும் எண்ணைத் திறந்துவிட்டு, கோர் ஐ7-3960எக்ஸ் என்று விளையாட்டுக்காரர்களுக்கு விற்றார்கள். எட்டு கோர் வேண்டுமா, பூட்டோடு எடுத்துக்கொள். பூட்டு வேண்டாமா, இரண்டு கோரை விட்டுக்கொடு. ஒரே செம்பில் அடித்த இரண்டு குடங்கள். ஒன்றில் அடியை அடைத்திருக்கிறார்கள், இன்னொன்றில் வாயை.

*

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸும் செகண்ட்ஸும் குவியல் குவியலாகக் கிடக்கும். சில உருப்படிகளில் நிஜமாகவே பழுது இருக்கும்: ஓர் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விலகல். சிலவற்றில் ஒரு பழுதும் இருக்காது. ஆர்டருக்கு மேல் உற்பத்தியானது, அல்லது கப்பல் தேதி தவறியது. கம்பெனி பெயரோடு கடைக்கு வந்துவிடக் கூடாது என்று லேபிளை வெட்டிவிடுவார்கள். வாங்குகிறவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, இது பழுதினால் மலிவா, லேபிள் இல்லாததால் மலிவா என்று கண்டுபிடிக்கத்தான்.

பிராசசர் ஆலையிலும் இதே தரம் பிரித்தல்தான் நடக்கிறது. ஒரே தட்டில் வார்த்த நூற்றுக்கணக்கான சில்லுகளில் சிலவற்றில் ஒரு கோர் பழுதாக இருக்கும். அதை அணைத்து மலிவாக விற்பார்கள். இது நேர்மையான செகண்ட்ஸ். மலிவுச் சரக்குக்குத் தேவை கூடும்போது, நல்ல சில்லுகளையும் அணைத்து அதே பெயரில் விற்பார்கள். 2009-இல் ஏஎம்டியின் ஃபெனம் 2 வரிசையில் இரண்டு, மூன்று கோர் பிராசசர்களை வாங்கி, பயாஸில் ஓர் அமைப்பை மாற்றி, நான்கு கோராக எழுப்பியவர்கள் ஏராளம். சிலருக்கு நான்காவது கோர் முத்துப்போல ஓடியது. சிலருக்குக் கணினி தப்புக் கணக்குப் போட்டது, ஏனென்றால் அந்தக் கோர் நிஜமாகவே பழுது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பூட்டு.

பூட்டு என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது மூன்று வேறு செயல்கள் இருக்கின்றன. பொருளின் நிஜமான எல்லையைச் சொல்லும் பூட்டு ஒன்று. இதற்கு மேல் போனால் உடையும் என்று அது சொல்கிறது, அது தகவல். வேறொருவரைக் காக்கும் பூட்டு இன்னொன்று. அச்சை மாற்றி விற்கும் வியாபாரியிடமிருந்து வாங்குகிறவரைக் காப்பது அந்த வகை. விற்றவரின் இன்னொரு சரக்குக்கு விலை விழாமல் காக்கும் பூட்டு மூன்றாவது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், மூன்றாவது பூட்டு எப்போதும் முதல் பூட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. பயாஸில் 40 என்று அடித்தபோது, "உங்களுக்கு நாங்கள் இதை விற்கவில்லை" என்று அது சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் 33-இல் நின்றது. அண்ணன் அதைப் பிராசசரின் இயலாமை என்றுதான் முதலில் நினைத்தார்.

*

விற்பவர் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதுவும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் தொழிலே இப்படிப்பட்ட பூட்டுகளை எழுதுவது. மென்பொருளில் ஒரே நிரல்தான் எல்லோருக்கும் போகிறது. அதிகம் கட்டியவருக்கு ஒரு வரி 'ஆம்' என்கிறது, மற்றவருக்கு 'இல்லை' என்கிறது. அந்த ஒரு வரிதான் சம்பளமாக வருகிறது.

குடத்தின் விலையில் பெரும்பங்கு உலோகம். பிராசசரின் விலையில் மணல் ஒரு பொருட்டே கிடையாது. வருடக்கணக்கான வடிவமைப்பு, ஆயிரக்கணக்கான பொறியாளர்கள், நூறு கோடிக்கணக்கான டாலர் செலவில் ஓர் ஆலை. அந்தச் செலவை எல்லோரிடமும் சமமாகப் பிரித்தால், அண்ணனைப் போன்றவர்களுக்குப் பிராசசரே எட்டாது. வங்கியிடம் அதிகம் வாங்கி, மாணவனிடம் குறைவாக வாங்கினால்தான் மாணவனுக்கும் கிடைக்கும். வங்கி மாணவன் வாங்குவதையே வாங்கிவிடாமல் இருக்க, மாணவன் வாங்குவதில் ஏதாவது ஒன்றைக் குறைத்தாக வேண்டும்.

இந்த வாதம் கணினிக்கு முந்தியது. ஜூல் டுபுய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849-லேயே ரயில் பெட்டிகளைப் பார்த்து இதை எழுதினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விடுவது கூரைக்கான செலவை மிச்சம் பிடிக்க இல்லை என்றார் அவர். கூரை போட்டால் இரண்டாம் வகுப்புக்குக் காசு கட்டக்கூடியவர்களும் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிடுவார்கள். ஏழையை நனைய விடுவது ஏழை மேல் உள்ள கோபத்தால் கிடையாது, பணக்காரரைப் பயமுறுத்துவதற்காக. மழை என்னவோ ஏழை மேல்தான் பெய்தது.

டுபுய் சொன்னது நிகழ்காலத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, டெஸ்லா நிறுவனம் அங்கிருந்த சில கார்களின் பேட்டரியைத் தொலைவிலிருந்தே திறந்துவிட்டது. 75 கிலோவாட்-மணி பேட்டரி வைத்து 60 என்று பூட்டி விற்ற கார்கள் அவை. மக்கள் தப்பிச் செல்ல இன்னும் கொஞ்ச தூரம் கிடைத்தது. சில நாட்களுக்கு மட்டும். பலரும் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதும்தான். கூடவே ஒரு விஷயமும் வெளிச்சமானது. அந்தக் குடும்பங்கள் இத்தனை நாளும் அந்தப் பேட்டரியின் முழு எடையையும் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தன.

ஆனாலும் விலைப் பிரிப்பு வாதத்தை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. மலிவான பூட்டிய பிராசசர் இல்லாவிட்டால் தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்நாட்டின் பல பிரவுசிங் சென்டர்கள் இருந்திருக்காது. புதுச் சரக்குக்கு, தெரிந்தே வாங்குகிறவரிடம், இந்தப் பேரம் நியாயமாக இருக்கலாம்.

அண்ணனிடம் இருப்பது புதுச் சரக்கு இல்லை. அந்தப் பிராசசருக்கு 2012-லேயே யாரோ முழு விலை கட்டிவிட்டார்கள். கட்டியவர் தேவை முடிந்து கழற்றி எறிந்துவிட்டார். இன்டெல் இப்போது அதை விற்பதில்லை, அதே விலையில் போட்டிக்கு வைக்க அதனிடம் அந்தக் காலத்துச் சரக்கும் இல்லை. எந்தச் சந்தையைக் காக்கப் பூட்டு போடப்பட்டதோ அந்தச் சந்தையே கலைந்துவிட்டது. பூட்டு மட்டும் இருக்கிறது. கூரையில்லாத பெட்டியை ரயில்வே கழித்துக் கட்டி, ஒரு குடியானவர் அதை வாங்கி மாட்டுக்கொட்டகையாக வைத்த பிறகும், அதன் மேல் யாரும் கூரை வேயக் கூடாது என்பது போல.

இந்திய சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இல் எழுதப்பட்டது. அதன் 14-ஆவது பிரிவு, பொருளை வாங்கியவர் அதை இடையூறின்றி வைத்திருந்து அனுபவிப்பார் என்ற உறுதி ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கியிருப்பதாகக் கொள்கிறது. குடத்தையும் மாட்டையும் வண்டியையும் மனதில் வைத்து எழுதிய வரி அது. பொருளுக்குள்ளேயே விற்றவரின் கை ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் கற்பனை இல்லை. இப்போது இன்டெல் 2023-இல் வந்த தன் சர்வர் பிராசசர்களில், உள்ளேயே இருக்கும் சில வேகப்படுத்திகளைப் பிறகு காசு கட்டித் திறந்துகொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்னும் பத்து வருடத்தில் அவையும் பழைய சாமான் சந்தைக்கு வரும். அன்றைக்குக் காசு கட்ட ஒரு கவுண்டர் திறந்திருக்குமா என்று யார் பொறுப்பேற்பார்கள்?

*

இதுவரை ஒரு வாதத்தை வேண்டுமென்றே தொடாமல் வந்தேன். பூட்டுக்கு எதிராக எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்: "திறன் சும்மா கிடக்கிறது, வீணாகிறது." கேட்க நியாயமாக இருக்கும். இந்த ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பயம்.

வட்டப் பின்னல் மெஷினில் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. விட்டத்தையும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையும் பெருக்குவார்கள். 30 அங்குல மெஷின் 30 சுற்று ஓடினால் 900. இந்த எண்ணை ஏற்றலாம், மோட்டாருக்கு இன்வெர்ட்டர் டிரைவ் இருக்கிறது, ஒரு பொத்தான் போதும். ஏற்றினால் சூடு கூடும், ஊசி உடையும், துணியில் ஓட்டை விழும். நல்ல ஃபிட்டர் சத்தத்தைக் கேட்டே எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுவார். பிராசசரிலும் இதே கதைதான். வேகத்தை 20 சதவீதம் ஏற்ற மின்னழுத்தத்தை 15 சதவீதம் ஏற்ற வேண்டி வந்தால், மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் கூடுவதால், மொத்தம் ஏறக்குறைய 59 சதவீதம் கூடும். இருபது வாங்க ஐம்பத்தொன்பது கொடுக்கிறோம். சும்மா கிடப்பதாகத் தெரியும் அந்த இடைவெளி பல சமயம் ஆயுளுக்கான சேமிப்பு.

திருப்பூரில் வேலை நேரத்தை ஷிப்ட்டில்தான் சொல்வார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். அதற்கு மேல் நான்கு மணி நேரம் சேர்ந்தால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரை ஒன்பதுக்கு வெளியே வருவார். இது விதிவிலக்கு என்று யாரும் நினைப்பதில்லை, ஊரின் இயல்பு வேகமே அதுதான். 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எல்லை வைத்து, அதைத் தாண்டும் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. ஊர் வழக்கில் ஒன்றரை ஷிப்ட் என்ற சொல்லிலேயே கணக்கு ஒன்றரையாகத்தான் நிற்கிறது.

எட்டு மணி நேரம் என்பதும் ஒரு பூட்டுதான். மனித உடம்பு 12 மணி நேரம் ஓடும், 14-உம் ஓடும். "உள்ளே இருக்கும் திறன் வீணாகிறது" என்ற அதே வாதத்தை, ஆர்டர் தேதி நெருங்கும்போது எந்த முதலாளியும் சொல்லலாம். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் அந்தப் பூட்டைத் தளர்த்த வந்ததுதான். தொழிலாளி விரும்பினால் ஒரு நாளில் 12 மணி நேரம் வேலை செய்து வாரத்தில் நான்கு நாளில் முடித்துக்கொள்ளலாம் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியது. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறு வருடம்.

பிராசசரின் பூட்டை உடைக்கக் கேட்கும் நானேதான் இந்தப் பூட்டை உடைக்கக் கூடாது என்கிறேன். இரண்டும் எப்படி ஒரே வாயில் வரும்?

எனக்குத் தெரிந்த பதில் இது. திறன் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம். கூட்டினால் ஏறும் சூட்டை யார் தாங்குகிறார் என்று பாருங்கள். அண்ணனின் பிராசசர் எரிந்தால் நட்டம் அண்ணனுக்கு. கரண்டு பில்லும் அவருக்கு. இன்டெலின் விரல்கூடச் சுடாது. அப்படியானால் சாவி அண்ணனிடம்தான் இருக்க வேண்டும். அதே பிராசசர் ஒரு வங்கியின் சர்வரில் இருந்தபோது, தப்புக் கணக்கின் சூடு முகம் தெரியாத வாடிக்கையாளர்கள் மேல் விழுந்திருக்கும். அங்கே பூட்டு இருந்தது சரிதான். ஷிப்ட்டைக் கூட்டினால் சூடு டெய்லரின் முதுகிலும் கண்ணிலும் ஏறுகிறது. அங்கே சாவி முதலாளியிடம் இருக்கக் கூடாது.

அப்போது டெய்லரிடம் இருக்கலாமா? இங்கேதான் என் பதில் இடறுகிறது. இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டது: "ஆளுகளே கேக்கறாங்க தம்பி. ஓட்டி இல்லீன்னா அடுத்த கம்பெனிக்குப் போயிடறாங்க. அவங்க சாவி அவங்க கையிலதான இருக்குது?" உண்மை. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர், வாடகை கட்ட வேண்டியவர், ஒன்றரை ஷிப்ட் கிடைக்கும் இடத்தைத் தேடித்தான் போகிறார். "உங்கள் நன்மைக்காகத்தான் பூட்டியிருக்கிறோம்" என்று அவரிடம் சொன்னால், அண்ணனிடம் பயாஸ் செய்ததைத்தான் நானும் செய்கிறேன்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்ல முடியும். அனுப்பர்பாளையத்துப் பாத்திரத் தொழிலில் கூலி ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. ஒப்பந்தக் காலம் முடியும்போது உற்பத்தியாளர்களும் தொழிற்சங்கங்களும் எதிரெதிரே உட்காருவார்கள். இழுக்கும், வேலைநிறுத்தம் வரும், பட்டறைகளில் சுத்தியல் சத்தம் நிற்கும், கடைசியில் ஒரு கையெழுத்து விழும். அந்தக் கையெழுத்தும் ஒரு பூட்டுதான், இதற்குக் கீழே கூலி இறங்காது என்று. அதற்குள் வாழ்கிறவர்கள் அதைப் போட்ட மேசையில் இருந்தார்கள், அடுத்த முறையும் இருப்பார்கள். தனியாளாகச் சாவியை வைத்திருப்பவர் தேவை நெருக்கும்போது திறந்துதான் ஆக வேண்டும். பலர் சேர்ந்து வைத்திருக்கும் சாவியை அவ்வளவு சுலபமாகப் பிடுங்க முடியாது.

பிராசசரின் பூட்டுக்கு அப்படி ஒரு மேசை கிடையாது. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த வருடக் கடைசியில் ஓர் இணையதளத்தையும் திறந்தது. வண்டி, போன், விவசாயக் கருவிகள் வரை அதில் பேச்சு போகிறது. விற்ற பொருளுக்குள் எரித்து எழுதிய எல்லைகள் பற்றியும், அவை எத்தனை வருடத்தில் காலாவதியாக வேண்டும் என்பது பற்றியும் அங்கே பேசலாம். பூட்டே கூடாது என்று நான் கேட்கவில்லை. பெட்டியின் மேல் "இது பூட்டியது, காரணம் இது, இத்தனாம் வருடம் திறக்கப்படும்" என்று அச்சிடச் சொல்லிக் கேட்கலாம்.

அண்ணனுக்கான என் பதில்: உள்ளே இருக்கும் வேகம் உங்களுடையதுதாங்க. சாவியைத்தான் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். அது சரியில்லை.

டெய்லருக்கான பதில் இன்னும் என்னிடம் முழுதாக இல்லை. இரவு ஏழு மணிக்கு, இன்னும் அரை ஷிப்ட் கிடைக்குமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு நிற்பவரிடம் போய் எட்டு மணி நேரத்தின் வரலாற்றைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் கேட்பது அந்த அரை ஷிப்ட்டை இல்லை, அதில் வரும் காசை. ஒரு ஷிப்ட் கூலியில் வாடகையும் கட்டி, ஊருக்கும் அனுப்ப முடிகிற நாளில் அவர் எதைக் கேட்பார் என்று பார்த்துவிட்டுத்தான், சாவி அவர் கையில்தான் இருந்தது என்று நாம் சொல்லலாம்.